முந்தினால் இடக்காது, பிந்தினால் வலக்காது

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகன் ஆண்டு 2 படிக்கிறான். ஏடிஎச்டி என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு பயிற்சி மையம், மாத்திரையே வேண்டாம், ஹெட்போன் மாட்டிக் கைதட்ட வைத்தே சரிசெய்கிறோம் என்கிறதாம். கட்டணம் ஆயிரக்கணக்கான வெள்ளி. நம்பலாமா என்று கேட்கிறார்.

ஏடிஎச்டி என்னவென்று தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் அம்மாக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கைதட்டல்தான் என்னை இழுக்கிறது. மையம் சொல்வது ‘இன்டராக்டிவ் மெட்ரோனோம்’ என்ற கருவியாக இருக்க வேண்டும். 1990-களில் அமெரிக்கர் ஜேம்ஸ் காசிலி உருவாக்கியது. ஹெட்போனில் நிமிடத்துக்கு 54 முறை மணி ஒலிக்கும். பிள்ளை அதோடு சேர்ந்து தட்ட வேண்டும். கையில் ஓர் உணரி, காலடியில் ஒரு பலகை. தட்டல் முந்தினால் இடக்காதில் ஓர் ஓசை, பிந்தினால் வலக்காதில். எவ்வளவு பிசகியது என்பதை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை கணினி கணக்கிடும்.

என் தங்கை பரதம் பழகிய காலத்தில் அவளுடைய ஆசிரியையின் தட்டுக்கழி செய்த வேலையும் இதுதான். பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற இடங்களில் ‘தையா தை’ முதல் காலத்திலிருந்து மூன்றாம் காலத்துக்கு ஏறும்போது, கால் பிந்திய பிள்ளைக்குக் கழியே சொல்லிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு மட்டும் அதற்குத் தெரியாது.

தாளத்துக்கும் கவனத்துக்கும் என்ன உறவு? ஏடிஎச்டி பிள்ளைகளைத் தட்டச் சொன்னால் இடைவெளி ஒரே சீராக வருவதில்லை என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. நேரத்தை அளப்பதில் சிறுமூளைக்குப் பங்குண்டு. இந்தப் பிள்ளைகளில் பலருக்கு அது சற்றே சிறிதாக இருப்பதும் தெரிந்த செய்தி. ஆகவே தாளத்தைத் திருத்தினால் கவனமும் திருந்தும் என்பது கருவிக்காரர்களின் எதிர்பார்ப்பு. 2001-இல் 6 முதல் 12 வயதுவரையான 56 சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், கவனமும் வாசிப்பும் முன்னேறியதாக எழுதினார்கள். எழுதியவர்களில் காசிலியும் ஒருவர். கருவி செய்தவரே மதிப்பெண்ணும் போட்டால் நான் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்பேன்.

கணினி விளையாட்டு வழியாக நினைவாற்றலைப் பழக்கும் முறையின் கதையும் ஏறக்குறைய இதேதான். சுவீடனின் டோர்கெல் கிளிங்பெர்க் பெரிய நம்பிக்கையோடு தொடங்கினார். பழக்கிய விளையாட்டில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனம் கணக்குப் புத்தகம்வரை வந்து சேர்ந்ததற்குச் சான்று மெலிது.

உடற்பயிற்சிக்குக் கொஞ்சம் நல்ல செய்தி உண்டு. 2013-இல் மேத்யூ பொன்டிஃபெக்ஸ் குழுவினர் பிள்ளைகளை 20 நிமிடம் டிரெட்மில்லில் நடக்கவிட்டார்கள். அதே அளவு நேரம் உட்கார்ந்து வாசித்த நாளைவிட, நடந்த நாளில் வாசிப்பிலும் கணக்கிலும் நன்றாகச் செய்தார்கள். பலன் எத்தனை நாள் நிற்கும் என்பது வேறு கேள்வி. ஆனால் துறுதுறுப்பான பிள்ளைக்குத் தண்டனையாக உடற்கல்வி நேரத்தையும் ஓய்வையும் பிடுங்கும் பள்ளிகளை நினைத்தால் வயிறு எரிகிறது. அவனுக்கு உதவக்கூடிய ஒன்றைத்தான் முதலில் பறிக்கிறோம்.

ஆகவே சிலம்பமோ பரதமோ, பையன் கேட்டால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள், அம்மா. மருத்துவர் எழுதிய மாத்திரையை மட்டும் அதற்காக நிறுத்திவிடாதீர்கள். மருந்துக்கு இருக்கும் சான்று இந்தப் பயிற்சிகள் எதற்கும் இன்னும் இல்லை.

பயிற்சி மையத்துக்கும் அனுப்பித்தான் பார்ப்பேன் என்றால் ஒரு வழி சொல்கிறேன். 2013-இல் சொனூகா-பார்க் குழுவினர் பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிள்ளை பயிற்சிக்குப் போவது தெரிந்தவர்கள் மதிப்பிட்டால் பலன் பெரிதாகத் தெரிந்தது. தெரியாதவர்கள் மதிப்பிட்டபோது பெரும்பாலும் கரைந்துபோனது. பையனுக்கு ஏடிஎச்டி இருப்பது வகுப்பாசிரியருக்குத் தெரியட்டும். மையத்தில் சேர்த்ததை மட்டும் சொல்லாதீர்கள். மூன்று மாதம் கழித்து, “இப்போது எப்படி இருக்கிறான், டீச்சர்?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். அடுத்த தவணைக் கட்டணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.