பேச்சிப்பள்ளம் வரை

மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது உணவைப் பற்றியும் மாத்திரைகளைப் பற்றியும்தான். மனத்துக்கு நெருக்கமான கேள்வி மூன்றாவது வருகையிலோ நான்காவது வருகையிலோ தயக்கத்துடன் வெளிவரும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சென்ற ஆண்டு எங்கள் புறநோயாளர் பிரிவில் அப்படித்தான் கேட்டார்: "சமணர் மலைக்கு இனி நான் ஏறலாமா, டாக்டர்?"

அருகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி முந்திக்கொண்டார். "ஏறக்கூடாதுன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நான் சொன்னா கேக்க மாட்டாரு."

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ளது அம்மலை. அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும் உள்ளன. பாறையில் வெட்டப்பட்ட படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை. அதையொட்டிய பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் திருவுருவங்கள் எட்டு, ஒரே வரிசையில் செதுக்கப்பட்டுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான அவற்றின் கீழே, செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் உள்ளன. அச்சணந்தி என்னும் துறவியின் தாயார் குணமதியாரின் பெயரும் அவற்றுள் ஒன்று. இன்னும் மேலே சென்றால், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சி நிற்கிறது. தென்மேற்குச் சரிவில் செட்டிப்புடவு என்னும் குகை உண்டு. நீண்ட காதுகளுடன் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று கருதி ஊரார் இட்ட பெயர் அது. புடவு என்றால் குகை.

நம் ஆசிரியர் முப்பது ஆண்டுகளாக மாணவர்களை அழைத்துச் சென்று இவற்றையெல்லாம் காட்டி வந்தவர். அடைபட்ட இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. எக்கோ பரிசோதனையும் டிரெட்மில் பரிசோதனையும் நிறைவாக இருந்தன. மருத்துவ நோக்கில் தடை சொல்லக் காரணம் இல்லை என்றோம். அம்மையார் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மலை ஏறுறதுல எனக்குப் பயமில்ல டாக்டர். வலிச்சா சொல்ல மாட்டாரு. அதுதான் பயம்."

அப்போதுதான் பழைய செய்தி வெளிவந்தது. மாரடைப்புக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அதே படிகளில், அவருக்கு நெஞ்சு இறுகியிருக்கிறது. பேரப்பிள்ளைகளின் மகிழ்ச்சி கெட்டுவிடக் கூடாதென்று, குளத்தைப் பார்ப்பதுபோல் நின்று சமாளித்திருக்கிறார். நின்றதும் வலி தணிந்திருக்கிறது, அதனால் மறந்தும்விட்டார்.

நின்றதும் தணியும் வலியே பலரை ஏமாற்றுகிறது. ஏறும்போது உடலின் எடை முழுவதையும் படிதோறும் உயர்த்த வேண்டியிருப்பதால், கால் தசைகள் கூடுதல் இரத்தம் கேட்கின்றன. இதயம் விரைந்து உழைக்கிறது. இதயத்துக்கே இரத்தம் தரும் குழாய் சுருங்கியிருந்தால் அந்த உழைப்புக்கு ஈடுகொடுக்க இயலாமல் நெஞ்சு இறுகும். நின்றால் தேவை குறையும், வலியும் அடங்கும். குறை நீங்கிவிட்டது என்பது அதன் பொருள் அன்று. ஏறும்போது வந்து, நின்றால் மறையும் வலியை எவ்வளவு சிறியதாயினும் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். இடது கை, தாடை, முதுகு ஆகிய இடங்களிலும் அது தோன்றலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரக்கூடும்.

அந்தத் தம்பதியருக்கு நாங்கள் ஓர் ஏற்பாட்டைக் கூறினோம். திரும்பும் இடத்தை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும்; முதல் முறைக்கு அது பேச்சிப்பள்ளம். ஏறும்போது அம்மையார் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆசிரியர் முழு வாக்கியத்தில் விடை சொல்ல வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்று பொருள், உட்கார்ந்துவிட வேண்டும். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவர்களுக்கு நாடித்துடிப்பு அதிகம் உயராது. ஆதலால் நாடியை எண்ணுவதைவிடப் பேச்சைக் கவனிப்பதே நம்பத்தக்கது.

வேறு சிலவற்றையும் சொன்னோம். காலை வெயில் ஏறுமுன் செல்லுங்கள். வயிறு நிறைய உண்டவுடன் ஏறாதீர்கள். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். சுனை நீரைப் பருக வேண்டாம். சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் அன்றைய நீரின் அளவை முன்கூட்டியே எங்களிடம் கேட்டறியுங்கள். இன்சுலின் போடுபவர்கள் சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ வைத்திருங்கள். திருவுருவங்களின் முன் செருப்பைக் கழற்றுவது நம் வழக்கம். ஆனால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுபாறை தெரியாமலேயே கொப்புளத்தை உண்டாக்கிவிடும். அவர்கள் காலணியுடன் சற்றுத் தள்ளி நின்றே வணங்கலாம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே கடினம். இறங்குவதற்கு வலுவை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி வந்தால் முதலில் உட்காருங்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் உங்களுக்குத் தந்திருந்தால், உட்கார்ந்த பின்னரே வையுங்கள். நின்றபடி வைத்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து படியிலேயே மயங்கி விழ நேரிடும். ஐந்து நிமிடங்களில் வலி தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். தாமாக இறங்கிச் செல்ல முயல வேண்டாம்.

அடுத்த மாதம் இருவரும் வந்தார்கள். ஆசிரியரின் முகம் சற்று வாடியிருந்தது. பேச்சிப்பள்ளத்தை எட்டவில்லை, பாதிப் படியிலேயே மூச்சு வாங்கியது, இறங்கிவிட்டோம் என்றார். வலி இல்லை. நாங்கள் மீண்டும் பரிசோதித்தோம். இதயம் நலமாகவே இருந்தது. ஐந்து மாத ஓய்வில் தசைகள் தளர்ந்திருந்தன, அவ்வளவே. நாள்தோறும் நடக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னோம். அம்மையாரின் முகத்திலோ வருத்தமே இல்லை. "நான் கேக்கவே இல்ல டாக்டர். அவராவே, 'போதும், உக்காருவோம்'னு சொன்னாரு" என்றார்.

எங்களுக்கு அந்த ஒரு சொல், டிரெட்மில் அறிக்கையைவிடப் பெரிய நிம்மதியைத் தந்தது. நோயாளர் "போதும்" என்று சொல்லத் துணிந்தால், உடன் வருபவர் "போகாதே" என்று தடுக்க வேண்டிய தேவை குறைகிறது. இல்லத்தாரே, அவர் பாதியில் திரும்பினால் ஏளனம் செய்யாதீர்கள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று வற்புறுத்தவும் வேண்டாம்.

மூன்று மாதங்கள் கழித்து, ஆசிரியர் பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே அமர்ந்திருக்கும் படத்தை எங்களுக்குக் காட்டினார். மேலே இருக்கும் பெரும்பள்ளியின் அடித்தளத்துக்கு இன்னும் அவர் செல்லவில்லை. அது ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கேயே இருக்கிறது. அவருக்காக இன்னும் சில மாதங்கள் காத்திருக்கும்.