பலவீனரின் நடையே இமாமின் நடை



உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) அவர்கள், தம் சமூகத்தாருக்குத் தம்மை இமாமாக நியமிக்குமாறு வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்று ஒரு கட்டளையும் இட்டார்கள்: அக்கூட்டத்தில் மிகப் பலவீனமானவர் எவரோ, அவரைப் பின்பற்றித் தொழவைக்க வேண்டும். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தியைச் சற்று நிதானித்துப் பாருங்கள். ஜமாஅத் இமாமைப் பின்பற்றுகிறது. இமாமோ ஜமாஅத்தில் மிகப் பலவீனமானவரைப் பின்பற்றுகிறார்!

முஆத் (ரலி) அவர்கள் இஷாவில் நீண்ட சூராவை ஓதியபோது, பகலெல்லாம் உழைத்துக் களைத்து வந்த ஒருவர் விலகிச் சென்றார். அண்ணலாரின் கண்டிப்பு விலகியவர் மீது விழவில்லை. முஆத் மீதே விழுந்தது. பின்னால் முதியவரும் பலவீனரும் அலுவல் உள்ளவரும் நிற்கின்றனர் என்று உணர்த்தினார்கள். வேறோர் அறிவிப்பில் நோயாளியும் சேர்த்துச் சொல்லப்படுகிறார். நோயாளிக்காகத் தனித் தொழுகை ஏற்படுத்தப்படவில்லை. எல்லோருடைய தொழுகையின் அளவும் அவருக்காகக் குறைக்கப்பட்டது.

இதனை விருத்தாசலத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது பீங்கான் ஊர். பொம்மைகளும் அகல் விளக்குகளும் இவ்வூர்ச் சூளைகளிலிருந்து வெளியூர்களுக்குப் போகின்றன. களிமண்ணோடு சேரும் குவார்ட்ஸ் கல்லின் பொடியில் சிலிக்கா என்னும் பொருள் இருக்கிறது. அரைக்கும்போதும், காய்ந்த பொருளின் ஓரத்தைத் தேய்க்கும்போதும், உலர்ந்த தரையைப் பெருக்கும்போதும் அத்தூள் பறக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துகள்களே நுரையீரலின் அடிவரை இறங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் வேலை செய்த பிறகே மூச்சிரைப்பு தொடங்குகிறது. இந்நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர். தழும்பை அகற்றும் மருந்து இல்லை. வேலையை விட்ட பின்னும் நோய் முற்றக்கூடும். காசநோய் பிடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஈரப்படுத்தி வேலை செய்வதும், தூசியை உறிஞ்சும் கருவி வைப்பதும் தடுக்கும் வழிகள். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

இந்நோயாளியைப் பார்த்தால் நோயாளி என்று தெரியாது. கையும் காலும் சரியாக இருக்கும். பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். தொழுகையில் இருமினால் முன் ஸஃப்பில் இருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். சிலிக்கோசிஸ் தொற்றாது, காசநோய் சேர்ந்தால் மட்டுமே தொற்றும் அச்சம் உண்டு. அதற்கு மருத்துவர் சொல்லும் காலம்வரை அவர் வீட்டில் தொழலாம். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், மூட்டு வாதம் உடையோரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. "நல்லாத்தானே இருக்கிறார், நாற்காலி எதற்கு?" என்ற கேள்வியை எத்தனை பள்ளிகளில் கேட்கிறோம்!

நாற்காலிக்கும் முன்பே மார்க்கம் இடம் தந்துவிட்டது. நெடுங்காலம் நோயில் கிடந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் தொழுகை பற்றிக் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைப் புகாரியில் காண்கிறோம். நின்றால் நோய் கூடும் என்பதே உட்காருவதற்குப் போதுமான காரணம் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஆரோக்கிய காலத்தில் செய்துவந்த அமலின் கூலி நோயின்போதும் எழுதப்படுகிறது என்பதும் ஸஹீஹான ஹதீஸ்.

ஆனால் இந்த ருக்ஸத்து, அதாவது சலுகை, யார் கையில் இருக்கிறது? நோயாளியின் கையில். "உங்களுக்குத்தான் சலுகை உண்டே, வீட்டிலேயே தொழுங்கள்" என்று ஆரோக்கியமானவர் சொல்வது, சலுகையைக் கதவாக்கிச் சாத்துவதாகும். பார்வை மங்கிய இத்பான் (ரலி) அவர்களுக்கு வெள்ளம் குறுக்கிடும் நாட்களில் பள்ளிக்கு வர இயலவில்லை. அவர்கள் வேண்டியபடி நபி (ஸல்) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களோடு அவர்களின் இல்லத்திற்கே சென்று தொழுதார்கள். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களோ, தம்மை அழைத்து வர ஆளில்லை என்று முறையிட்டார்கள். முதலில் அனுமதி தந்த அண்ணலார், பாங்கு அவர்களின் காதில் விழுகிறது என்று அறிந்ததும், அதற்குப் பதிலளிக்குமாறு கூறினார்கள். அந்தத் தோழரே மஸ்ஜிதுன் நபவியின் முஅத்தின். நபிகளார் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பாளர். அழைத்து வர ஆளில்லை என்பது கண்ணின் குறையா, தெருவின் குறையா?

நம் நாட்டின் சட்டமும் இவ்விடத்திற்கு வந்து சேர்ந்திருக்கிறது. 1965இல் அலிகரில் பிறந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்த ஜாவேத் ஆபிதி போன்றோர் போராடியதன் பயனாக 1995இல் முதல் சட்டம் வந்தது. 2016ஆம் ஆண்டின் சட்டம், நீடித்த உடற்குறை சூழலிலுள்ள தடையோடு மோதும்போதே ஊனம் உண்டாகிறது என்ற கருத்தில் அமைந்தது. அதன் 21 வகைப் பட்டியலில் ஹீமோஃபிலியா, தலசீமியா, பார்கின்சன் ஆகிய நோய்கள் உண்டு. தூசியால் வரும் மூச்சு நோய் அதில் இல்லை. ராஜஸ்தான் அரசு இத்தகைய தூசி நோயாளிகளுக்கென 2019இல் தனிக் கொள்கை வகுத்தது. நம் மாநிலத்திலும் அதைக் கேட்க வேண்டியவர்கள் நாமே. மற்றொன்றை முத்தவல்லிமார்கள் கவனிக்க: அச்சட்டம் பொதுக் கட்டடம் என்று கூறுவதில் வழிபாட்டு இடங்களும் அடங்கும். பழைய கட்டடங்களைச் சீரமைக்க 2017 ஜூனில் வெளியான விதிகளிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தரப்பட்டது. அது 2022இல் முடிந்துவிட்டது.

பெருஞ்செலவு எல்லா இடத்திலும் தேவையில்லை. உளூச் செய்யுமிடத்தில் பளபளக்கும் டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும். பீங்கான் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே சொரசொரப்பான ஓடும் ஒரு கைப்பிடியும் போதும். நாற்காலிகளைக் கடைசி மூலையில் குவிக்காமல் ஒவ்வொரு ஸஃப்பின் ஓரத்திலும் வையுங்கள். குத்பாவைச் சுருக்குவது எங்களைப் போன்ற இமாம்களின் வேலை. அதுவும் ஹதீஸில் வந்ததே.

வரும் ஜும்ஆவுக்கு முன், உங்கள் முஹல்லாவில் மூச்சிரைப்பு உள்ள ஒருவரோடு வாசலிலிருந்து மிஹ்ராபுவரை அவர் நடையிலேயே நடந்து பாருங்கள். அவர் நின்று மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவரையும் உட்கார வைத்து, அவ்விடங்களில் என்ன வைக்கலாம் என்று அவரிடமே கேளுங்கள்.