எடிட்டிங் மேசை – 8: கடைக்குப் போகுமுன் கேமராவைக் கேளுங்கள்

கணினி வாங்கக் கடைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்ளோண்ணே?" என்பதுதான். ஒரு தொகை சொல்வீர்கள். அதில் பாதியை விழுங்கும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைக் காட்டி, "இதப் போட்டா 4கே சும்மா பறக்கும்ணே" என்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து முகூர்த்தக் காட்சியை டைம்லைனில் போட்டால் திக்கித் திக்கி நிற்கும். கார்டு மேல் குற்றமில்லை. கேமராவிலிருந்து என்ன ஃபைல் வருகிறது என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

போன வாரம் கேமரா அமைப்புகளைப் பார்த்தோம். இப்போது வரும் 4கே கேமராக்களிலும் செல்போன்களிலும் எச்.265 பதிவு சாதாரணமாகிவிட்டது. இதில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருக்காது. மளிகைக் கடைக் கணக்கில் ஒரு வரியை முழுதாக எழுதிவிட்டு அடுத்தடுத்த வரிகளில் 'மேற்படி' போடுவார்களே, அந்த மாதிரி. ஒரு பிரேம் முழுதாக இருக்கும்; அடுத்து வருபவற்றில் மாறிய பகுதி மட்டும். இடம் மிச்சம்தான். ஆனால் தாலி ஏறுகிற நொடியைத் தேடி நீங்கள் முன்னும் பின்னும் இழுக்கும்போது, கணினி ஒவ்வொரு தடவையும் முழுப் பிரேமுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வர வேண்டும். திக்குவது அதனால்தான். இந்த வேலைக்கென்றே சிப்புக்குள் தனிப் பகுதி ஒன்று உண்டு. உங்கள் ஃபைல் வகை அதற்குப் பிடிபட்டால் பிழைத்தீர்கள்.

பிடிபடாமல் போவதும் உண்டு. என்விடியா கார்டுகளில், 2025இல் வந்த 50 வரிசைக்கு முந்தியவை எதுவும் பத்து பிட் 4:2:2 எச்.265 ஃபைலைத் தானாகப் பிரித்துத் தராது. கலர் நன்றாக வரட்டும் என்று சோனியிலும் கேனானிலும் நாம் ஆசையாகத் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் அதையேதான்! 11ஆம் தலைமுறை தொடங்கி இன்டெல் புராசசருக்குள்ளேயே இருக்கும் சாதாரண கிராஃபிக்ஸ் அந்த வேலையை அலட்டாமல் செய்துவிடும். ஆனால் பெயரைக் கவனித்து வாங்குங்கள். ஐ5 12400 வேறு, ஐ5 12400எஃப் வேறு. 'எஃப்' ஒட்டியிருந்தால் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. சில நூறோ ஆயிரமோ மிச்சமாகிறதே என்று பழைய என்விடியா கார்டோடு அதை வாங்கிவிட்டால், பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் புராக்ஸி, அதாவது எடை குறைந்த நகல், போட்டுத்தான் காலம் தள்ள வேண்டும்.

கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வில் கலர் கிரேடிங் செய்கிறவர்களுக்கு அது கட்டாயம். வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, ஆல்பம் பாணியில் கொடுப்பவர்களுக்கு நடுத்தரக் கார்டு போதும். 32 ஜிபி ராம் வையுங்கள். ஆப்பிளின் எம்4 மேக் மினி 2024 நவம்பரில் 59,900 ரூபாய்க்கு வந்தது. இந்த ஃபைல்களை அது நன்றாகவே கையாளும், கரண்டும் கொஞ்சம்தான் குடிக்கும். பின்னாளில் ராம் கூட்ட முடியாது என்பது மட்டும் எனக்கு உறுத்தல்.

இனி இடம். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் வைகாசித் தேரை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு கவர்னர் காலத்து வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. இரண்டு கேமரா, ஆளுக்கு நான்கு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். நொடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. மொத்தம் 360 ஜிபி. ஒரே நாள், ஒரே விழா. 512 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மென்பொருளும் போக மிச்சத்தில் இது எங்கே அடங்கும்? வேலைக்குத் தனியாக 1 டிபி என்விஎம்இ, வேலை முடிந்ததை வைக்கச் சாதாரண ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்று போனால் இன்னொன்று. கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்க முடியாதே.

யுபிஎஸ்ஸில் ஏமாறாதீர்கள். 600 விஏ என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருக்கும். சாதாரண ரகத்தில் அது தாங்குவது 360 வாட்தான். பெரிய கார்டு முழு மூச்சில் ஓடும்போது மொத்த சிஸ்டம் அதைத் தாண்டிவிடும். கரண்ட் போன கணத்தில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். 1,100 விஏவுக்குக் குறைய வேண்டாம்.

பாகூர்க்காரர்களுக்கு ஒன்று தனியாக. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வழியே வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. சிபியுவைத் தரையில் வைக்கிற பழக்கத்தை விடுங்கள். காப்பி ஹார்ட் டிஸ்க்கை இன்னொரு வீட்டில், முடிந்தால் மாடி வீட்டில் வையுங்கள்.

கடைக்குக் கிளம்பும்போது உங்கள் கேமராவில் எடுத்த பத்து நிமிட ஒரிஜினல் ஃபைலை பென்டிரைவில் போட்டுக்கொண்டு போங்கள். வாங்கப்போகும் அதே புராசசர், அதே கார்டு உள்ள மெஷினில், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அதைப் போட்டு முன்னும் பின்னும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

(அடுத்த வாரம்: மானிட்டர்)