மூச்சிலே சிக்கனம்

கீழக்கரைக் கடலில் சங்கு குளிப்போர் ஒரே மூச்சில் அடித்தரைக்குச் சென்று மீள்வர். அறுவை மேசையிலோ மூச்சுக்குரிய காற்று வீணாவதே மிகுதி. மயங்கிக் கிடப்பவர் உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் பிராணவாயுவையே செலவிடும். இயந்திரத்தில் 4, 5 லிட்டர் ஓடவிட்டால், மீதி மயக்க மருந்தோடு வெளியேறிவிடும். அவ்வோட்டத்தை 1 லிட்டராக்குவதே குறைவோட்ட முறை.

“ஐயா, குறைத்தால் மூச்சுத் திணறாதா?” என்று என்னைக் கேட்பதுண்டு. திணறாது. குறைவது புதிதாகச் சேரும் காற்றே, மூச்சின் அளவன்று. விட்ட மூச்சே மீண்டும் உட்செல்கிறது. அதிலுள்ள கரியமிலவாயுவைச் சோடாச் சுண்ணாம்பு பற்றிக்கொள்ளும். நம் கரையில் சிப்பி சுட்டு நீற்றும் சுண்ணாம்புக்கு அது நெருங்கிய உறவு. அமெரிக்க மருத்துவர் ரால்ப் வாட்டர்ஸ் 1924-இலேயே இவ்வழியை விளக்கினார். சுண்ணாம்பில் பிறக்கும் வெம்மையும் ஈரமும் நோயாளியின் நுரையீரலுக்கு இதம். பாம்பனைக் கடந்து தீவுக்குச் சிலிண்டர் கொண்டுவருவோருக்குச் செலவும் மிச்சம். டெஸ்புளூரேன் என்னும் மயக்க ஆவி, எடைக்கு எடை, கரியமிலவாயுவைப்போல் 2,000 மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சிறைப்படுத்த வல்லது. 2016-இல் மன்னார் வளைகுடாப் பவளங்கள் வெளுத்ததற்கு அதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. கடலுக்குச் சுமை கூட்டுவானேன்?

ஆபத்து வேறிடத்தில் உண்டு. உடல் பிராணவாயுவை எடுத்துக்கொண்டே இருப்பதால், குழாய்க்குள் அதன் விகிதம் நாம் திருகிவைத்த அளவினும் தாழக்கூடும். ஆகவே பிராணவாயு அளவியும் கரியமிலவாயு அளவியும் இல்லாத இடத்தில் இம்முறையை நான் ஒப்பமாட்டேன். தொடக்கத்தில் சில நிமிடம் ஓட்டம் மிகுதியாகவே இருத்தல் வேண்டும். தீர்ந்த சுண்ணாம்பு நிறம் மாறும். ஓய்ந்திருந்தால் சிலவேளை பழைய நிறம் திரும்பியும்விடும். கண்ணை நம்பாமல் அளவியை நம்பிச் சுண்ணாம்பை மாற்றுக.