பசுமை வரி: பில்லைப் பார்த்து மலைக்காதீர்கள்!

கடல் கடந்து விடுமுறைக்குப் போவது இப்போது நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டாத விஷயமில்லை. விமான டிக்கெட்டையும் அறை வாடகையையும் கூட்டிப் பார்த்து, 'அவ்வளவுதானே' என்று கிளம்பி விடுகிறோம். அங்கே போன பிறகு 'சுற்றுலாப் பயணிக்கான வரி' என்று தனியாக ஒரு தொகை கேட்கும்போதுதான் வம்பே ஆரம்பிக்கிறது. மாலத்தீவில் எங்கள் அனுபவத்தைச் சொன்னால் நாலு சகோதரிகளுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடிக்காரர்களான எங்களுக்கு மாலத்தீவு புதுப் பெயரில்லை. வெங்காயமும் காய்கறியும் இங்கிருந்து தோணியில் அங்கே போவதைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறோம். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிய பணத்தில், 2025 காலாண்டு விடுமுறைக்கு அங்கே போனோம். நாங்கள் நாலு பேர். என் நாத்தனார், அவள் வீட்டுக்காரர், அவர்களுடைய 14 மாதக் கைக்குழந்தை. மாஃபுஷி என்ற தீவில் சிறிய விடுதி ஒன்றில் நாலு ராத்திரி தங்கினோம்.

அறை பதிவு செய்த தாளில் பொடி எழுத்தில், 'பசுமை வரி தனி' என்று இருந்தது. விசாரித்ததில், தலைக்கு ஒரு நாளைக்கு 6 டாலர் என்று தெரிந்தது. எங்கள் நாலு பேருக்கு நாலு நாளைக்கு 96 டாலர். நம் பணத்தில் எட்டாயிரத்துக்கு மேல்! எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு அது. அந்தத் தொகையைத் தனிக் கவரில் எடுத்து வைத்தேன். நாத்தனாரிடமும் சொன்னேன். "எல்லாம் சேர்த்துதான் வாடகைன்னு ஏஜென்ட் சொல்லிட்டார், விடுங்க அண்ணி" என்றாள்.

அறையைக் காலி செய்யும் நாள் பில் வந்தது. மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! "வாடகையும் வாங்கிக்கிட்டு இது வேறயா? ஊருக்குப் புதுசுன்னு ஏமாத்தப் பாக்குறாங்க" என்று சத்தம் போட்டார். படகுக்கோ அரை மணி நேரம்தான் இருந்தது. மாப்பிள்ளை மனம் கோணக் கூடாதே என்று, என் கணவர் அவர் பங்கையும் சேர்த்துக் கட்ட பர்ஸை எடுத்து விட்டார். அப்படிக் கட்டினால், ஊருக்கு வந்ததும் 'நான் கட்டினேன்', 'நான் கேட்டேனா' என்று அது வளர்ந்து, நல்லது கெட்டதுக்குக்கூட முகம் கொடுக்காத அளவுக்குப் போய் விடாதா?

"கொஞ்சம் பொறுங்க" என்று பில்லை வாங்கிப் பார்த்தேன். கைக்குழந்தைக்கும் 24 டாலர் போட்டிருந்தார்கள். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு இந்த வரி கிடையாது. குழந்தையின் பாஸ்போர்ட்டைக் காட்டியதும், கவுன்டரில் இருந்த பையன் மன்னிப்புக் கேட்டு அதை அடித்துக் கொடுத்தான். "குழந்தைக்குப் போட்டது தப்பு, அதை எடுத்துட்டாங்க. நமக்குப் போட்டது அவங்க சர்க்கார் வரி அண்ணா, விடுதிக்காரங்க வைக்கிற லாபம் இல்லை" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, தன் பங்கு 48 டாலரைத் தானே கட்டினார்.

அந்தப் பையன் தன் அம்மாவின் வைத்தியத்துக்காகத் திருவனந்தபுரத்தில் இருந்தவனாம். அரைகுறை மலையாளத்தில், "குப்பையைக் கொட்ட எங்களுக்கு இடம் ஏது சேச்சி?" என்றான். நியாயம்தானே! ஆயிரத்துக்கு மேற்பட்ட குட்டித் தீவுகள். ஆறு கிடையாது, கடல் நீரைத்தான் குடிநீராக்குகிறார்கள். தலைநகர் மாலேயின் குப்பையைக் கொட்டியே திலாஃபுஷி என்று ஒரு குப்பைத் தீவு உருவாகி விட்டது. நாம் வீசும் ஒவ்வொரு பாட்டிலையும் படகில் ஏற்றித்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த வரி 2015 நவம்பரில் உல்லாச விடுதிகளுக்கு வந்தது. 2016 அக்டோபரில் சிறு விடுதிகளுக்கும் விரிந்தது. 2025 ஜனவரி முதல் இரண்டு மடங்காகி, உல்லாச விடுதிகளில் தலைக்கு 12 டாலர். மக்கள் வசிக்கும் தீவுகளில் 50 அறைக்குள் உள்ள விடுதிகளில் 6 டாலர்.

போகப் போகிற சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள். வாடகையில் பசுமை வரி, சேவைக் கட்டணம், 17 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அடக்கமா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த ஊரை விட்டுக் கிளம்பும்போது உள்ள வரி, விமான டிக்கெட்டிலேயே சேர்ந்து விடும். அதற்குத் தனியாகக் கட்ட வேண்டாம். புறப்படும் முன் 96 மணி நேரத்துக்குள் கம்ப்யூட்டரில் நிரப்பும் 'இமுகா' என்ற பயணப் படிவம் இலவசம். அதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வரியை டாலராகத்தான் கேட்பார்கள். சில்லறை நோட்டாக வைத்துக் கொள்ளுங்கள். குழந்தைகளின் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் மேலாக வையுங்கள்.

முக்கியமாக, இரண்டு குடும்பம் சேர்ந்து போனால், யார் பங்கு எவ்வளவு என்பதை வீட்டிலேயே உட்கார்ந்து பேசி முடித்து விடுங்கள். பணம் செலவானால் சம்பாதிக்கலாம். சொந்தத்தில் விரிசல் விழுந்தால் ஒட்ட வைப்பது கஷ்டம்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி.