மலைச்சாரலில் நாட்டுப் பன்றி வளர்ப்பு

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதை, காற்று ஓயாது வீசும் ரிவர்ஸ்டன் கணவாயைக் கடந்து, இலுக்கும்புரப் பக்கத்து வயல்களை நோக்கி இறங்குகின்றது. இச்சாரலில் நெல்லும் மரக்கறியும் செய்யும் கமக்காரர் சிறு வருமானத்திற்காக நாட்டுப் பன்றி வளர்க்க எண்ணின், முதலிற் கவனிக்க வேண்டியது வேலியாகும்.

நாட்டுப் பன்றி கரிய நிறமும் சிறிய உடலும் உடையது. சிலாபம், நீர்கொழும்பு முதலிய மேற்குக் கரையோரப் பகுதிகளில் இது நெடுங்காலமாகத் திறந்த வெளியிலேயே வளர்க்கப்பட்டு வந்துள்ளது. சீமைப் பன்றியைவிட மெதுவாகவே வளரினும், எளிய தீனியும் எளிய கொட்டிலும் இதற்குப் போதும். சினைக்காலம் ஏறக்குறைய 114 நாட்களாகும்.

அறுவடை முடிந்த மரக்கறிப் பாத்தியில் பன்றிகளை அடைத்துவிட்டால், அவை எஞ்சிய கிழங்கையும் களையையும் தின்று, நிலத்தைக் கிளறி, எருவும் இடும். ஆயினும், பச்சையாக உண்ணும் மரக்கறிகளை அதன்பின் 4 மாதங்கள் கழியுமுன் அப்பாத்தியில் அறுவடை செய்தல் ஆகாது. கொட்டிலின் வாயில் காற்றடிக்கும் திசைக்கு எதிர்ப்புறமாக அமைதல் நன்று. வெயிற் காலத்தில் நிழலும் சேற்றுக் குளிப்பிடமும் அவசியம்.

உடல் வலிமையுள்ள இனத்தை நோய் அணுகாதென்று எண்ணுதல் தவறு. 2024 ஆம் ஆண்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையிற் பரவியது. அது மனிதரைத் தொற்றாது. ஆயின் பன்றிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். குணமாக்கும் மருந்தும் இல்லை. காட்டுப் பன்றிக்கும் அந்நோய் வரும். எனவே இரு வேலிகள் இட்டு, ஒரு பன்றியின் மூக்கு மற்றதை எட்டாத இடைவெளி விடுதல் வேண்டும். நக்கிள்ஸ் பாதுகாப்பு வனத்துள் பன்றிகளை மேயவிடுதல் கூடாது. பன்றியிறைச்சி கலந்த எச்சில் உணவைத் தீனியாக இடுதல் ஆகாது.

நெற்செய்கையாளர் மற்றொன்றையும் மனங்கொள்ளல் வேண்டும். 1985-86 இல் அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளைக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கவர்ந்தது. வயல் நீரிற் பெருகும் நுளம்புகள் அக்கிருமியைப் பன்றியிடமிருந்து மனிதருக்குக் கடத்துகின்றன. ஆகையால் பட்டியை வயலுக்கும் வீட்டுக்கும் தூரமாக, மேட்டு நிலத்தில் அமைத்தல் வேண்டும்.

தீனி மறுத்தல், காய்ச்சல், தோல் சிவத்தல், திடீர் மரணம் ஆகியன தோன்றின், பன்றியை விற்காமலும் அறுக்காமலும் அரசாங்க மிருக வைத்தியருக்கு உடன் அறிவித்தல் வேண்டும். நோயுற்ற ஒன்றை மறைத்து விற்பவர் அயலாரின் பட்டிகளுக்கும் அழிவைத் தேடுபவராவர்.