வண்டியை உயர்த்துமுன் அடியைப் பாருங்கள்

சரக்குக் கொள்முதலுக்குப் போனால் மூட்டையில் குத்தூசி போட்டு, நாலு மணியை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்காமல் நாம் யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் வண்டி விஷயம் என்று வந்துவிட்டால், பட்டறையில் சொல்வதை அப்படியே நம்பிப் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். அண்மையில் நம் உறுப்பினர்கள் சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "பொலிரோ, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகளை உயர்த்தித் தருகிறார்களே, பாடியை உயர்த்துவது நல்லதா, சஸ்பென்ஷனை உயர்த்துவது நல்லதா?" என்பதே அது. இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. எனவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கேட்டவர்களில் ஒருவர் கொல்லிமலை அடிவாரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்பவர். காரவல்லியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். கனத்த சரக்கு தனி வண்டியில் போய்விடும். ஆர்டர் எடுக்கவும், வசூலுக்கும், அவசரச் சரக்குக்கும் அவர் தமது பொலிரோவில் போய் வருவார். தார்ச்சாலை முடிந்து சிற்றூர்களுக்குப் பிரியும் மண் பாதைகளில் வண்டியின் அடிப்பாகம் கல்லில் உரசத் தொடங்கியது. ஒரு பட்டறையில், "பாடிக்கு அடியில் கட்டை வைத்து 2 அங்குலம் தூக்கிவிடலாம் அண்ணாச்சி, சீக்கிரம் முடிகிற வேலை" என்றார்கள். இன்னொரு பட்டறையில், "பாடியைத் தூக்கி ஒரு பிரயோஜனமும் இல்லை அண்ணாச்சி, ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும்" என்றார்கள். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அவர் நம்மிடம் வந்தார்.

பாடி லிஃப்ட் என்றால் என்ன?

பொலிரோ, ஸ்கார்ப்பியோ, தார், பார்ச்சூனர் போன்ற வண்டிகளில் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்களால் ஆன சேஸ் தனியாகவும், அதன்மேல் உட்காரும் பாடி தனியாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் புஷ்கள் வைத்து போல்ட் போட்டு முறுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் நைலான் அல்லது அலுமினியக் கட்டைகளைச் செருகி, நீளமான போல்ட் போட்டு, பாடியை மட்டும் 1 முதல் 3 அங்குலம் வரை மேலே தூக்குவதுதான் பாடி லிஃப்ட்.

செலவு குறைவு. ஸ்பிரிங்கில் யாரும் கை வைக்காததால் வண்டியின் ஓட்டமும் மாறுவதில்லை. பாடிக்கும் டயருக்கும் நடுவில் இடைவெளி கூடுவதால் சற்றுப் பெரிய டயர் போட இடம் கிடைக்கும். பாடி லிஃப்டின் பயன் இவ்வளவுதான். சேஸ், கியர் பெட்டி, டீசல் டேங்க், சைலன்சர் குழாய் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கும். பார்வைக்கு வண்டி உயர்ந்துவிட்டது, கல்லில் படும் பாகம் உயரவில்லை. மேலே பெரிய பழத்தை அடுக்கி வைத்த கூடை மாதிரிதான் இது.

வேலையிலும் கவனம் வேண்டும். பாடி மேலே போனால் ஸ்டியரிங் தண்டு, கியர் லீவர், கைப்பிரேக் கேபிள், டீசல் ஊற்றும் குழாய், ரேடியேட்டர் விசிறியின் கூடு, ஒயர்கள் ஆகியவை எல்லாம் இழுபடும் அல்லது இடம் தவறும். இவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்யாமல் கட்டையை மட்டும் வைத்து அனுப்பினால், மலையில் பாதி வழியில் வண்டி நிற்கும்.

சஸ்பென்ஷன் லிஃப்ட் என்றால் என்ன?

இதில் நீளமான அல்லது கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். பட்டைக்கட்டு உள்ள வண்டியில் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பதும், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் கட்டை வைப்பதும், நீண்ட ஷேக்கிள் மாட்டுவதும் உண்டு. இப்படிச் செய்தால் பாடியோடு சேஸும் சேர்ந்து உயரும். டேங்கும், கியர் பெட்டியும், சைலன்சர் குழாயும் தரையிலிருந்து விலகும். மேட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் பம்பர் இடிப்பதும் குறையும். மண் பாதையில் இது உண்மையான பயன்தான்.

ஆனால் இது ஒரு சங்கிலித் தொடர். சேஸ் உயர்ந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்டின் சாய்வு கூடி, அதன் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பரின் நீளம் போதாது. பிரேக் குழாய் இழுபட்டு நிற்கும். முன் சக்கரங்களின் சாய்மானம் மாறி, வீல் அலைன்மெண்ட் செய்யாவிட்டால் புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஒருபக்கமாகத் தேய்ந்துவிடும். கடினமான ஸ்பிரிங்கில் வண்டி காலியாகப் போகும்போது குலுக்கலும் அதிகம். ஆகவே பாடி லிஃப்டைவிடச் செலவும் கூடுதல், பின்னால் வரும் பராமரிப்பும் கூடுதல்.

இரண்டாலும் உயராத ஒரு பாகம்

பொலிரோ போன்ற வண்டியில் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு இருக்கிறது. அதன் நடுவே பானை போலப் புடைத்திருப்பது டிஃபரன்ஷியல் கூடு. பாதையின் நடுவிலுள்ள கல்லில் பெரும்பாலும் முதலில் படுவது இதுதான். பாடியை உயர்த்தினாலும், சஸ்பென்ஷனை உயர்த்தினாலும் இந்தப் பானை ஒரு நூல்கூட உயராது. அது சக்கரத்தோடு சேர்ந்தது. டயரின் விட்டம் கூடினால் மட்டுமே அது உயரும், அதுவும் கூடிய விட்டத்தில் பாதி அளவே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பொலிரோவின் டயர் அளவு 215/75 ஆர் 15. இதன் விட்டம் சுமார் 703 மி.மீ. இதற்குப் பதில் 235/75 ஆர் 15 போட்டால் விட்டம் சுமார் 733 மி.மீ. கூடியது 30 மி.மீ., அச்சு உயர்வது 15 மி.மீ. மட்டுமே. அதாவது அரை அங்குலத்துக்குச் சற்று மேல். அதற்கு ஈடாக ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62-க்கு மேல் ஓடும், இழுவையும் சற்றுக் குறையும்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். கிரெட்டா, பிரெஸ்ஸா போன்ற வண்டிகளில் தனிச் சேஸ் கிடையாது, பாடியே சேஸ். அவற்றில் பாடி லிஃப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. யாராவது செய்து தருவதாகச் சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு எழுந்து வருவதே நல்லது.

தராசு சாயும் இடம்

உயர்த்துவதில் உள்ள பெரிய ஆபத்து, வளைவில் கவிழ்வது. வண்டியின் மொத்த எடையும் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி எவ்வளவு மேலே போகிறதோ அவ்வளவு சுலபமாக வண்டி சாயும். சஸ்பென்ஷன் லிஃப்டில் சக்கரமும் அச்சும் தவிர மற்ற எடை முழுவதும் மேலே போகிறது. பாடி லிஃப்டில் என்ஜினும் சேஸும் கீழேயே இருப்பதால், அதே 2 அங்குலத்துக்கு இந்தப் புள்ளி உயர்வது அதைவிடக் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் பாடி லிஃப்ட் மேல்.

ஆனால் நம் வணிகர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. உதாரணக் கணக்காக, 1,700 கிலோ வண்டி ஒன்றில் அந்த எடைப்புள்ளி தரையிலிருந்து 700 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். கூரைக் கேரியரில், 1,900 மி.மீ. உயரத்தில், 25 கிலோ அரிசிச் சிப்பம் நான்கு ஏற்றுகிறோம். எடைப்புள்ளி இப்போது சுமார் 767 மி.மீ. ஆகிறது. 67 மி.மீ. உயர்ந்துவிட்டது! 2 அங்குல லிஃப்ட் என்பது 51 மி.மீ.தான். லிஃப்ட் எதுவும் செய்யாமலேயே, நாலு சிப்பத்தைக் கூரையில் போட்டு அதைவிடப் பெரிய ஆபத்தை நாம் ஏற்றிக்கொண்டு போகிறோம். உயர்த்திய வண்டியில் கூரையிலும் சரக்கு ஏற்றினால், 70 வளைவுகளில் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகப் பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் இன்சூரன்ஸில் இருக்கிறது. வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டு, பிறகு விபத்து நேர்ந்தால், இழப்பீடு கேட்கும்போது கம்பெனி அதையே காரணம் காட்டித் தகராறு செய்ய இடமுண்டு. ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிவிட்டு, தேவைப்படும் நாளில் வெறுங்கையோடு நிற்பது வணிகனுக்கு அழகல்ல. ஆகவே எந்த மாற்றமானாலும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேளுங்கள். பட்டறைக்காரர் "யாரும் பார்க்க மாட்டார்கள்" என்று சொன்னால், விபத்து நடந்தால் பார்ப்பார்கள் என்று பதில் சொல்லுங்கள்.

அண்ணாச்சியின் வண்டியில் என்ன இருந்தது?

மேலே சொன்ன உறுப்பினரின் வண்டியை, நாமும் உடனிருக்க, அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரின் பட்டறைக் குழியில் நிறுத்தி, டார்ச் அடித்து அடிப்பாகத்தைப் பார்த்தோம். பாடியில் ஒரு கீறலும் இல்லை. கீறல்கள் டிஃபரன்ஷியல் கூட்டிலும், பின்பக்கச் சைலன்சர் குழாயிலும்தான் இருந்தன. பாடி லிஃப்ட் செய்திருந்தால் இந்த இரண்டில் ஒன்றுகூட உயர்ந்திருக்காது.

பிறகு மெக்கானிக் அளவு நாடாவை எடுத்து, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தார். அதே மாதிரிப் புதுவண்டி ஒன்றிலும் அளந்தார். வித்தியாசம் 4 சென்டிமீட்டர். பல ஆண்டுகள் சுமை தாங்கிப் பின் பட்டைகள் வளைவிழந்து தட்டையாகிவிட்டிருந்தன. டயர்களும் தேய்ந்துபோய், காற்றும் குறைவாக இருந்தது. "இதற்கு உயர்த்துகிற வேலை எதற்கு அண்ணாச்சி? கம்பெனி கொடுத்த உயரத்தையே நீங்கள் தொலைத்துவிட்டிருக்கிறீர்கள். அதைத் திரும்ப வாங்கினால் போதும்" என்றார் அவர்.

பட்டைக்கட்டை மாற்றி, புஷ், ஷாக் அப்சார்பர் புதிதாகப் போட்டு, கம்பெனி அளவிலேயே புது டயர் மாட்டினார்கள். கூரைக் கேரியரில் சிப்பம் ஏற்றுவதை அண்ணாச்சி நிறுத்திவிட்டார். சைலன்சர் குழாய் இப்போது உரசுவதில்லை. டிஃபரன்ஷியல் கூடு எப்போதாவது உரசுகிறது. அந்த இடத்தில் பாதையின் நடுவே போகாமல், சக்கரத்தைக் கல்லின்மேல் ஏற்றி ஓட்டப் பழகிக்கொண்டார். பதிவுச் சான்றில் மாற்றமில்லை, இன்சூரன்ஸுக்கும் பங்கமில்லை.

முடிவெடுக்கும் முறை

1. முதலில் குழியில் நிறுத்தி, எந்தப் பாகம் உரசியிருக்கிறது என்று பாருங்கள்.

2. பட்டை தொய்ந்திருக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தொலைந்த உயரத்தை மீட்பதே முதல் வேலை.

3. உரசுவது டிஃபரன்ஷியல் கூடு மட்டும்தான் என்றால், எந்த லிஃப்டும் உதவாது. தயாரிப்பாளர் அனுமதித்த பெரிய டயர் அளவு உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள்.

4. டேங்கும் சேஸும் உரசினால், சஸ்பென்ஷன் லிஃப்டுக்குத்தான் அர்த்தம் உண்டு. பாடி லிஃப்ட் பெரிய டயருக்கு இடம் தருமே தவிர, கல்லிலிருந்து காப்பாற்றாது. இரண்டில் எதுவானாலும் சட்டப்படி அனுமதி உண்டா என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

5. பாதை உண்மையிலேயே மிக மோசம் என்றால், உயரம் கூடிய வேறு வண்டி வாங்குவது லாபமா என்றும் கணக்குப் பாருங்கள். பொலிரோவின் தரை இடைவெளி 180 மி.மீ., 2020-இல் வந்த தாரில் 226 மி.மீ. கம்பெனியே கொடுக்கும் உயரத்துக்கு எந்த அதிகாரியிடமும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நமக்கு அலங்காரப் பொருள் அல்ல, கடையின் இன்னொரு கல்லாப்பெட்டி. கல்லாவைத் திறந்து எண்ணிப் பார்க்காமல் நாம் இரவில் கடையைப் பூட்டுவதில்லை. அதுபோலவே அடியைக் குனிந்து பார்க்காமல் வண்டியை உயர்த்த வேண்டாம் என்பதே நம் உறுப்பினர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது.